கையை எடுக்காதீங்க: கடலூர் நர்சிங் ஹோம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மஞ்சக்குப்பம் பக்கம் 24 படுக்கைகள் கொண்ட ஒரு நர்சிங் ஹோம். கீழ்த்தளத்தில் ஓ.பி., மருந்துக்கடை, ஸ்கேன் அறை. முதல் மாடியில் பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர், நான்கு படுக்கை ஐ.சி.யூ. நான் மயக்க மருந்து மருத்துவர். கடலூரில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரே இடத்தில் வேலை என்பது அபூர்வம். காலையில் ஒரு தியேட்டர், மதியம் இன்னொன்று, ராத்திரி அவசர சிசேரியன் என்றால் திருப்பாதிரிப்புலியூருக்கோ முதுநகருக்கோ வண்டியை எடுக்க வேண்டும். அப்படி நான் போய்வரும் இடங்களில் இதுவும் ஒன்று.

சம்பவம் நடந்த அன்று நான் அங்கே இல்லை. மறுநாள் ஒரு அறுவை சிகிச்சைக்காகப் போனபோது, இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்துக் கேமரா பதிவைக் காட்டினார். அன்று மட்டும் அதை நான்கு முறை பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

காலை பதினொன்றரை இருக்கும். மருந்துக்கடை வரிசையில் 56 வயதுக்காரர் ஒருவர் நிற்கிறார். முந்தைய நாள் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தவர், மருந்துச் சீட்டோடு கவுன்ட்டருக்கு வந்திருக்கிறார். இரண்டு முறை நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். அப்படியே சரிகிறார்.

விழுந்ததும் கைகால் உதறுகிறது. பதினைந்து நொடிக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குள் "வலிப்பு, வலிப்பு" என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. வாட்ச்மேன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவர் கைக்குள் திணிக்கிறார். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகத்தில் தெளிக்கிறார். 50ஆவது நொடியில் ஊசி போடும் அறையிலிருந்து ஒரு சிஸ்டர் ஓடி வருகிறார். தோளைத் தட்டிக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. பி.பி. கருவியைக் கொண்டுவரச் சொல்லிக் கையில் சுற்றுகிறார். கருவி எதுவும் காட்டவில்லை. பேட்டரி போயிருக்கும் என்று இன்னொரு கருவி வருகிறது. அதுவும் காட்டவில்லை. இந்த நேரம் முழுக்க அந்த மனிதர் பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை வாயைத் திறந்து காற்றை இழுப்பது பதிவில் தெரிகிறது. "மூச்சு இருக்கு, தூக்குங்க" என்று யாரோ சொன்னார்களாம்.

2 நிமிடம் 40 நொடியில் நான்கு பேர் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போடுகிறார்கள். சாய்தளம் வழியாக மாடிக்கு. ஐ.சி.யூ.வுக்குள் போகும்போது 4 நிமிடம் 10 நொடி. அங்கே ஈ.சி.ஜி. வயர்களைப் பிரிக்கிறார்கள், ஆக்சிஜனைத் திறக்கச் சாவியைத் தேடுகிறார்கள். 5 நிமிடம் 35 நொடியில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமான ஒரு சின்னப் பெண், யாரும் சொல்லாமலே கட்டில் மேல் ஏறி நெஞ்சை அமுக்கத் தொடங்குகிறார்.

ஏழாவது நிமிடத்தில் டியூட்டி டாக்டர் உள்ளே வருகிறார். அந்தப் பெண் அமுக்குவதை நிறுத்திவிட்டு, கட்டிலிலிருந்து இறங்கி, ஒதுங்கி நிற்கிறார். சுற்றியிருந்தவர்களும் ஒதுங்குகிறார்கள். டாக்டர் கண்ணைத் திறந்து பார்க்கிறார், ஸ்டெதஸ்கோப் வைக்கிறார், மானிட்டரைப் பார்க்கிறார். 22 நொடி யாருடைய கையும் அந்த நெஞ்சில் இல்லை.

முதல் ஷாக் கொடுத்தபோது 9 நிமிடம் தாண்டியிருந்தது. மானிட்டரில் இருந்தது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் சரியாகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை, ஷாக்குக்கு நன்றாகவே கட்டுப்படக்கூடிய வகை. மூன்றாவது ஷாக்கில் நாடி திரும்பியது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இதயம் ஓடியது, மூளை எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவருடைய மகன் பிறகு பில் கணக்கை முடிக்க வந்தபோது சண்டை எதுவும் போடவில்லை. "ஆஸ்பத்திரிக்குள்ளதானேங்க விழுந்தாரு" என்று மட்டும் கேட்டார். இன்சார்ஜ் சிஸ்டர் அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

ஏன் ஐந்தரை நிமிடம்

இங்கே யாரும் சும்மா நிற்கவில்லை. பதிவைப் பார்த்தால் ஒவ்வொருவரும் எதையாவது செய்துகொண்டேதான் இருக்கிறார்கள், அதுவும் அக்கறையோடு. என்னை உறுத்தியது அதுதான்.

முதலில் வலிப்பு. இதயம் திடீரென்று நின்றால் மூளைக்கு ரத்தம் போவது அந்த நொடியே தடைபடுகிறது. அதனால் சிலருக்குக் கைகால் சில நொடிகள் உதறும். பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். நம் ஊரில் வலிப்பு என்றதும் கை இரும்பைத் தேடும். சாவிக்கொத்தால் போனது கொஞ்ச நேரம்தான். வலிப்பு என்று முடிவு கட்டியதால் "கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்" என்று எல்லோரும் காத்திருந்தார்களே, அந்தக் காத்திருப்பில் போனது அதைவிட அதிகம். வலிப்பு வந்தவருக்கு உதறல் நின்றதும் மூச்சு சீராக வரும். இவருக்கு வரவில்லை.

அப்புறம் அந்த மூச்சு. இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுவது போல, இடைவெளி விட்டு ஓர் இழுப்பு. தேவனாம்பட்டினத்துக் கரையில் வளர்ந்த ஓர் ஆயாம்மாவிடம் பிறகு இதைச் சொன்னபோது, "அது மூச்சு இல்லம்மா, மூச்சு போறது" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. நினைவில்லாமல் இப்படி இழுத்துக்கொண்டிருப்பவருக்கு இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு கையை நெஞ்சில் வைக்க வேண்டும்.

பி.பி. கருவியைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்வேன். பதற்றத்தில் கை தனக்குப் பழகிய வேலையைத்தான் தேடும். நம் சிஸ்டர்களுக்குப் பழகிய வேலை பி.பி. பார்ப்பது. இதயம் நின்றவருக்குக் கருவி எதையும் காட்டாது, அது பழுதில்லை, அதுதான் விடை. அந்த விடை இரண்டு கருவிகளில் இரண்டு முறை வந்தும், கருவியைத்தான் சந்தேகப்பட்டார்கள். நாடி பார்க்கப் பழகியவர்கள் கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம், ஆனால் 10 நொடிக்கு மேல் கூடாது. பழகாதவர்கள் நாடியைத் தேடவே வேண்டாம். கூப்பிட்டால் பதில் இல்லை, ஒழுங்கான மூச்சு இல்லை, அது போதும்.

நெஞ்சு அமுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும், ஃபிப்ரிலேஷனில் இருப்பவர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நான்கைந்து நிமிடத்தில் மூளை அழியத் தொடங்குகிறது. "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்ற பேச்சு அன்றும் வந்ததாம். இங்கிருந்து ஜிப்மருக்குப் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாக, புதுச்சேரி நெரிசலையும் கடந்து கோரிமேடு போக வேண்டும். நின்ற இதயத்தோடு அந்தச் சாலையில் போய்ச் சேர முடியாது. 2008 முதல் 108 வண்டி நமக்கு இருக்கிறது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனாலும் முதல் இரண்டு நிமிடம் பக்கத்தில் நிற்கிறவர் கையில்தான்.

மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அதே கணக்குதான். அவரை மேலே கொண்டுபோக ஒன்றரை நிமிடம் ஆனது. ஷாக் மெஷினைக் கீழே கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று அடுத்த வாரம் வார்டு பையன் ஒருவரை ஓடவிட்டுப் பார்த்தோம். 35 நொடி.

இதெல்லாம் அறிவு சம்பந்தப்பட்டது, சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த 22 நொடி அப்படியல்ல. அந்தப் பெண்ணிடம் பேசினேன். "டாக்டர் வந்துட்டாரு மேடம், அதான் எழுந்துட்டேன்" என்றார். அவருக்கு அது தவறாகவே தோன்றவில்லை. பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் நாம்தான் கற்றுக்கொடுத்தோம். வாட்ச்மேனிடம், "நீங்க ஏன் கை வைக்கல அண்ணே?" என்று கேட்டேன். "நான் கை வைக்கலாமா டாக்டரம்மா? ஏதாவது ஆயிட்டா என் மேலதானே வரும்" என்றார். விழுந்தவருக்கு இரண்டடி தள்ளி நின்றவர் அவர்தான். சிஸ்டர் வரட்டும் என்று அவர் காத்திருந்தார், டாக்டர் வரட்டும் என்று சிஸ்டர் காத்திருந்தார். அந்த ஐந்தரை நிமிடத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான்.

முந்தைய பயிற்சி

பயிற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதற்கு முந்தைய வருடம் மொட்டை மாடி ஹாலில் நடந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் திரையில் படம் காட்டியிருக்கிறார்கள். 28 பேருக்கு ஒரு பொம்மை. ஆளுக்கு ஒரு நிமிடம் அமுக்கிவிட்டு, சான்றிதழ் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயாம்மாக்கள் அன்று டீ கொடுத்தார்கள். வாட்ச்மேன் கேட்டில் இருந்தார்.

நானே பல இடங்களில் அப்படிப்பட்ட வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒருமுறை கற்ற கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் வருடத்துக்கு ஒருமுறை போய்வந்தேன். அந்தப் பொறுப்பு எனக்கும் உண்டு.

இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் முயற்சியில் உருவான இந்திய உயிர்மீட்பு மன்றம் 2017இல் நம் நாட்டுக்கென்று வழிமுறைகளை வெளியிட்டது. அதில் மருத்துவம் படிக்காதவர்களுக்கு நெஞ்சை அமுக்குவது மட்டுமே போதும் என்று தனி முறை இருக்கிறது. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், மருந்து வேண்டாம். இதில் புதுமை எதுவும் இல்லை. 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவனும் கூட இருந்த இருவரும் இந்த முறையை முதன்முதலில் வெளியிட்டபோதே, இதற்கு இரண்டு கை இருந்தால் போதும் என்றுதான் எழுதினார்கள். அறுபது வருடம் கழித்தும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே அந்த இரண்டு கைக்கு நாம் அனுமதி கொடுத்திருக்கவில்லை.

என்ன செய்தோம்

உரிமையாளரான சர்ஜனிடம் இரண்டு விஷயம் கேட்டேன். பயிற்சி ஆயாம்மாக்களிடமிருந்தும் வாட்ச்மேனிடமிருந்தும் தொடங்க வேண்டும். டாக்டர்கள் எல்லோரும், அவர் உட்பட, அதே தரையில் மண்டியிட வேண்டும். கொஞ்சம் யோசித்தார், பிறகு சரி என்றார்.

புதன்கிழமைதோறும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் 15 நிமிடம். ஹாலில் கிடையாது. ஒரு வாரம் மருந்துக்கடை வரிசையில், ஒரு வாரம் கழிவறை வாசலில், ஒரு வாரம் ஸ்கேன் அறையின் குறுகலான இடத்தில், ஒரு வாரம் மாடிப்படித் திருப்பத்தில். பொம்மை கிடைக்காத வாரங்களில் கெட்டியாக அடைத்த பஞ்சுத் தலையணையை வைத்துக்கொண்டோம். ஆழத்தை அதில் சரியாகக் கற்க முடியாது. ஆனால் இறங்கிப் பழக, எண்ணிப் பழக அது போதும்.

பாடம் சிறியது. நடு நெஞ்சில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி. அதன் மேல் இன்னொரு கை. 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மிகாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழ விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஆள் மாற வேண்டும். ஆம்பு பேக் (கையால் பிழிந்து மூச்சு கொடுக்கும் பை) கையாளத் தெரிந்த சிஸ்டர் வந்துவிட்டால் 30 அமுக்கலுக்கு 2 மூச்சு.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் புத்தகத்தில் இல்லாத பல விஷயங்கள் தெரிந்தன. தமிழில் முப்பது வரை சத்தமாக எண்ணிப் பாருங்கள். பத்து வரை வேகம் சரியாக இருக்கும். "பதினொன்னு, பன்னெண்டு" வந்ததும் நாக்கு நீளும், கையும் கூடவே மெதுவாகும். இருபதுக்கு மேல் கேட்கவே வேண்டாம். ஒன்றிலிருந்து பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொன்னோம். வேகம் அன்றே நிலைத்துவிட்டது. சேலை கட்டியவர்கள் மண்டியிட்டதும் கொசுவம் முழங்காலுக்கடியில் மாட்டி இழுத்தது. வயலில் நாற்று நடப் போனவர்கள் போல ஒரு இழுப்பில் தூக்கிச் செருகிக்கொள்ளும் வித்தையை ஆயாம்மாக்கள்தான் சிஸ்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சப்பாத்தி மாவு பிசைவது போல முழங்கையை மடக்கி அமுக்குவது எல்லோரும் செய்யும் தவறு. தோளை நேர்மேலே கொண்டுவந்து, முழங்கை மடங்காமல், உடம்பின் எடையை இறக்கினால்தான் ஆழம் கிடைக்கும். கட்டில் மேல் என்றால் மெத்தை உள்வாங்கிவிடும், முதுகுக்கடியில் பலகை வேண்டும். குள்ளமானவர்களுக்கு ஏறி நிற்க ஒரு ஸ்டூல் வேண்டும்.

பெண் நோயாளியின் நெஞ்சில் எப்படிக் கை வைப்பது என்று வார்டு பையன்கள் கேட்கத் தயங்கினார்கள், நானே எடுத்துப் பேசினேன். உடை மேலேயே அமுக்கத் தொடங்கலாம். ஷாக் கொடுக்கும்போது மட்டும் மேல் உடையை விலக்கித்தான் ஆக வேண்டும், அப்போது சுற்றி நிற்பவர்கள் ஒரு போர்வையைத் திரையாகப் பிடிக்கட்டும். தாயாக இருந்தாலும் தங்கையாக இருந்தாலும் உயிர் முக்கியம் என்று வாட்ச்மேன்தான் முதலில் சொன்னார்.

எமர்ஜென்சி ட்ராலியைத் திறந்து பார்த்ததில் வேறு வேலைகள் கிடைத்தன. பெரியவர்களுக்கான மாஸ்க் கிழிந்திருந்தது. தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் விளக்கு எரியவில்லை. இதயம் நின்றால் கொடுக்கும் அட்ரினலின் மருந்து பூட்டிய அலமாரியில், சாவி இன்சார்ஜின் பையில். பூட்டை எடுத்துவிட்டு, உடைத்தால் தெரியும்படி பிளாஸ்டிக் சீல் போட்டோம். ஆக்சிஜன் சாவியைச் சிலிண்டரிலேயே கட்டினோம்.

கூப்பிடும் முறையில் ஒரு சின்ன மாற்றம். இதயம் நின்றவருக்கு ஆள் கூப்பிட மருத்துவமனையில் சொல்வது "கோட் ப்ளூ". ஒத்திகையில் எல்லோரும் "கோட் ப்ளூ, கோட் ப்ளூ" என்று கத்தினார்கள், எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது இடம்தான் முதலில் வர வேண்டும். "மருந்துக்கடை வாசல், கோட் ப்ளூ."

அந்த 22 நொடிக்கு வருகிறேன். நான்காவது வாரம் சர்ஜன் ஒத்திகைக்கு வந்தார். அவர் தலை தெரிந்ததும், அத்தனை சொல்லியும், ஆயாம்மா பொம்மையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்துவிட்டார். வெறுமனே "எழுந்திருக்காதீங்க" என்று அவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை என்று அப்போது புரிந்தது. அது உடம்பில் ஊறியது. அதனால் மாற்றத்தை டாக்டர்கள் பக்கம் வைத்தோம். எந்த டாக்டர் உள்ளே வந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "கையை எடுக்காதீங்க" என்பதாக இருக்க வேண்டும். என்ன ஆச்சு, எப்போ ஆச்சு என்ற கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம். சர்ஜன் அடுத்த வாரம் கதவைத் திறக்கும்போதே அதைச் சொன்னார், பிறகு ஆயாம்மாவுக்கு எதிரில் மண்டியிட்டு, "அக்கா, பத்து முடிஞ்சதும் நான் மாத்திக்கிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் எல்லா வகுப்புகளையும் விட அதிக வேலை செய்தது.

ஏழு மாதம் கழித்து

விடியற்காலை 4.40. வாந்தி பேதியோடு சேர்ந்திருந்த 48 வயதுப் பெண், முதல் மாடிக் கழிவறையில் விழுந்தார். பார்த்தது ஆயாம்மா, டீ கொடுத்தவர்களில் ஒருவர். தரை ஈரம், இடம் நெருக்கடி. போர்வையைப் போட்டு அந்தம்மாவை நடைபாதைக்கு இழுத்து வந்தார். "முதல் மாடி பாத்ரூம் வாசல், கோட் ப்ளூ" என்று கத்திக்கொண்டே மண்டியிட்டார். நடைபாதைக் கேமராவில், வெளியே இழுத்ததிலிருந்து முதல் அமுக்கல் வரை 25 நொடி. ஷாக் 2 நிமிடம் 50 நொடியில். தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்த டியூட்டி டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஐந்தாவது நிமிடத்தில் நாடி திரும்பியது. ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் இறங்கியிருந்தது. புதுச்சேரிக்கு அனுப்பி, ஒன்பது நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

தவறுகளும் இருந்தன. ஆயாம்மா மூன்றரை நிமிடம் தொடர்ந்து அமுக்கியிருக்கிறார், கடைசி ஒரு நிமிடத்தில் ஆழம் குறைவது பதிவிலேயே தெரிகிறது. யாரும் அவரை மாற்றவில்லை. ஆம்பு பேக்கைப் பதற்றத்தில் மிக வேகமாகப் பிழிந்திருக்கிறார்கள். அப்படிப் பிழிந்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். அட்ரினலின் கொடுத்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.கி. என்ற கணக்கை நினைவிலிருந்து பிடிக்க முடியாது.

அந்தம்மாவுக்கு இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது. செய்தி தெரிந்ததும் ஆயாம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். நான் போனபோது தனியாக வந்து, "டாக்டரம்மா, நான்தான் உடைச்சேனா?" என்று கேட்டார். ஆமாம், நீங்கள்தான், சரியான ஆழத்தில் அமுக்கினால் சில சமயம் உடையும், எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

ராத்திரி ஷிஃப்டில் மாடியில் இருப்பது மூன்றே பேர். ஒருவர் அமுக்க, ஒருவர் ஆம்பு பேக் பிடிக்க, ஒருவர் மெஷினைக் கொண்டுவர என்றால், மாற்றிக்கொள்ளவும் நேரத்தைக் குறிக்கவும் ஆளில்லை. நான்காவது ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை கீழே கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டு மேலே வருவதாக ஏற்பாடு. அடுத்த புதன் ஒத்திகையை ராத்திரி மூன்று மணிக்கு வைத்திருக்கிறோம், அவர் ஏறி வர எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க.